மீட்டர் வாங்கப் போகும் மலருக்கு

அல் ஐன்
ஜூலை 12

அன்புள்ள மலர்,

விசா வந்துவிட்டது என்று அண்ணி போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. பாதி சந்தோஷம், பாதி கவலை. நம் வீட்டிலிருந்து தோல் தொழிலுக்குள் வரும் முதல் பெண் நீ. அதுவும் கடல் தாண்டி ஷார்ஜாவுக்கு. அண்ணன் ஒன்றுமே பேசவில்லையாம். அவர் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம், உனக்கே தெரியும். அண்ணியின் முழங்காலை வேலூரில் காட்டச் சொல்லியிருந்தேனே, காட்டினாயா? நீ கிளம்புவதற்குள் அதை முடித்துவிடு. நீ இல்லாமல் அவர்கள் தானாகப் போக மாட்டார்கள்.

இனி உன் கேள்வி. பட்டறைக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று முதலாளி பட்டியல் கேட்டிருக்கிறார், அதில் எந்த பி.எச். மீட்டரைப் போடுவது என்று கேட்டு மூன்று படம் அனுப்பியிருக்கிறாய். போனில் சொன்னால் நாளைக்கு ஞாபகம் இருக்காது. எழுதி வைத்தால் டிரம் பக்கத்தில் நிற்கும்போது எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மீட்டரிலும் நீ பார்த்தது அதன் முகத்தை மட்டும்தான். திரை பெரிதா, எத்தனை தசமம் காட்டும், தண்ணீரில் விழுந்தால் மிதக்குமா என்று எழுதியிருக்கிறாய். அடியில் மாட்டும் எலக்ட்ரோடு பற்றி ஒரு வரி இல்லை. ஏ.சி. டெக்கில் நான்கு வருஷம் தோல் தொழில்நுட்பம் படித்தவள், எதிரே சி.எல்.ஆர்.ஐ.யில் போய் லேப் செய்தவள், இதை விடலாமா? அளப்பது நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழ். அது தரும் மில்லிவோல்ட்டை எண்ணாக மாற்றிக் காட்டுவது மட்டும்தான் மேலே இருக்கும் பெட்டியின் வேலை. பணத்தைப் பெட்டியில் போடாதே, குமிழில் போடு. எலக்ட்ரோடைக் கழற்றி மாற்ற முடியாத மீட்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தோல் வேலையில் எலக்ட்ரோடு தேய்ந்துகொண்டே இருக்கும் சாமான். கழற்ற முடியாததை வாங்கினால் ஒவ்வொரு முறையும் மீட்டரையே தூக்கிப் போட வேண்டி வரும். நீ அனுப்பியதில் முதல் படமும் மூன்றாவது படமும் அப்படிப்பட்டவை. இரண்டாவதில் பி.என்.சி. சாக்கெட் இருக்கிறது, எந்தக் கம்பெனி எலக்ட்ரோடையும் மாட்டலாம். அந்த வகையில் ஒன்றைப் போடு. இரண்டு தசமம் போதும். மூன்றாவது தசமத்தை நம் தொழிலில் யாரும் பயன்படுத்தப் போவதில்லை.

எந்த எலக்ட்ரோடு என்பதுதான் கடைக்காரரிடம் நீ கேட்க வேண்டிய கேள்வி. டபுள் ஜங்ஷன் கேள். காரணம் உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். முடி நீக்கப் போடும் சோடியம் சல்பைடு மாதிரித் தண்ணீரில் கொஞ்சம் தங்கியிருந்தால்கூட, எலக்ட்ரோடுக்குள் இருக்கும் வெள்ளிக் கம்பியோடு சேர்ந்து கறுப்பாக சில்வர் சல்பைடு படிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மீட்டர் ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும், அதுதான் ஆபத்து. நடுவில் இன்னொரு அறை இருந்தால் சல்பைடு உள்ளே போய்ச் சேர நாளாகும். உள்ளே ஜெல் அடைத்ததைவிட, உப்புக் கரைசலை நாமே நிரப்பிக்கொள்ளும் வகை நல்லது. புரதமும் கொழுப்பும் டானினும் ஜங்ஷனை அடைத்துவிடும் என்பதால், கழுவித் துடைக்க முடிகிற ஸ்லீவ் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. தட்டை முனை எலக்ட்ரோடு என்று ஒன்று உண்டு. ஈரத்தோலின் மேல் நேராக வைத்து அளக்கலாம், ஹன்னா கம்பெனி தோலுக்கும் காகிதத்துக்கும் என்றே அப்படி ஒரு மீட்டர் விற்கிறது. அதை இரண்டாவது எலக்ட்ரோடாக வைத்துக்கொள், முதலாவதாக வேண்டாம். அது மேல்பரப்பை மட்டும் சொல்லும்.

மலர், இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் சொல்வேன். மீட்டர் சொல்வது டிரம் தண்ணீரின் பி.எச். நீ பதனிடுவது தண்ணீரை அல்ல. தோலின் நடுவில் என்ன இருக்கிறது என்பதை எந்த மீட்டரும் உனக்குச் சொல்லாது.

இங்கே ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒட்டகத் தோல், பிக்கிளில், அதாவது உப்பும் அமிலமும் சேர்ந்த தண்ணீரில் ஓடியது. மீட்டரில் 2.8. நல்ல எண் என்று குரோம் போட்டுவிட்டார்கள். யாரும் ஒரு துண்டு வெட்டிப் பார்க்கவில்லை. நடுவில் பி.எச். இன்னும் ஐந்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. குரோம் உள்ளே போகாமல் மேலேயே பிடித்துக்கொண்டது. கொதிநீரில் போட்டுப் பார்த்தபோது துண்டு சுருண்டுவிட்டது, வெட்டுவாயில் நடுவே வெள்ளைக் கோடு. அத்தனை தோலும் பாழ். ஒட்டகத் தோல் நம் ஆம்பூர் ஆட்டுத் தோல் மாதிரி இல்லை. கழுத்தில் ஒரு தடிமன், வயிற்றில் ஒரு தடிமன், திமில் பக்கம் தரையில் விரித்தால் படுக்கவே படுக்காது. எட்டு மணி நேரத்துக்குள் வயிற்றுப் பகுதிக்கு அமிலம் போய்ச் சேர்ந்திருக்கும், கழுத்தின் நடுவுக்கு இரவு முழுக்க ஓடினாலும் போய்ச் சேர்ந்திருக்காது.

அதனால் பட்டியலில் மீட்டருக்கு மேலே இரண்டு சொட்டுக் குப்பிகளை எழுது. ஒன்று பினாப்தலீன், இன்னொன்று புரோமோகிரெசால் பச்சை, ஷாப்பில் எல்லாரும் பி.சி.ஜி. என்பார்களே, அது. கூடவே கூரான ஒரு கத்தி. சுண்ணாம்பு எடுக்கும்போது தடித்த இடத்தில் வெட்டி பினாப்தலீன் ஒரு சொட்டு விடு. இளஞ்சிவப்பு இருக்கும்வரை உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது. நிறமே வராவிட்டால் பி.எச். சுமார் 8.2-க்குக் கீழே வந்துவிட்டது. மெத்தென்ற பைத் தோலுக்கு முழுக்க வெளுக்க வேண்டும். விறைப்பான செருப்புத் தோல் என்றால் நடுவில் ஒரு மெல்லிய சிவப்புக் கோட்டைச் சிலர் விட்டுவிடுவார்கள், அது செய்பவர் தீர்மானம். பிக்கிளில் பி.சி.ஜி. விடு. 5.4-க்கு மேலே நீலம், 3.8-க்குக் கீழே மஞ்சள், நடுவில் பச்சை. வெட்டுவாய் முழுக்க ஒரே மஞ்சளாக வரும்வரை குரோம் மூட்டையைப் பிரிக்காதே, முதலாளியே வந்து நின்றாலும் பிரிக்காதே. குரோம் ஏறிய வெட் ப்ளூவை நியூட்ரல் பண்ணும்போதும் இதே சொட்டுதான், ஆனால் தோலே நீலமாக இருப்பதால் நிறத்தைப் பிரித்துப் பார்க்கக் கண் பழக வேண்டும். முதல் மாதம் ஒவ்வொரு லாட்டிலும் வெட்டிப் பார், பழகிவிடும்.

உன் தாத்தா பேர்ணாம்பட்டில் கட்டை விரலால் தோலை அழுத்திப் பார்த்து, ரேகை பதிந்து நின்றால் போதும் என்பார். ஆவாரம்பட்டைத் தொட்டித் தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்துச் சொல்லிவிடுவார். சோரன்சன் பி.எச். என்ற கணக்கை 1909-ல்தான் கோபன்ஹேகனில் கொண்டுவந்தார். பெக்மன் மீட்டர் செய்தது 1934-ல், அதுவும் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க. அதற்கெல்லாம் வெகு காலம் முன்பிருந்தே மதராஸ் தோல் லண்டன் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தாத்தாவின் விரல் தேடியதும் தோலுக்குள் இருப்பதைத்தான். நாக்கில் வைக்கிற வேலை மட்டும் உனக்கு வேண்டாம், இன்றைய தொட்டியில் இருப்பவை வேறு.

காகிதத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பி.எச். பேப்பரை ஒதுக்காதே. சுண்ணாம்புத் தொட்டிக்கு அதுதான். சுண்ணாம்பும் சல்பைடும் சேர்ந்த தண்ணீரில் நல்ல எலக்ட்ரோடை நனைக்கவே நனைக்காதே. சல்பைடு ஒரு பக்கம் கெடுக்கும். இன்னொரு பக்கம், 12-க்கு மேலே சோடியம் அதிகம் இருந்தால் சாதாரணக் கண்ணாடி குறைத்துக் காட்டும். தொட்டியில் கரையாத சுண்ணாம்பு அடியில் கிடக்கும்வரை பி.எச். தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும், பேப்பர் சொல்வதே போதும். ஆனால் பட்டைச் சாறு பழுப்பு, குரோம் தண்ணீர் நீலம், இரண்டிலும் பேப்பரின் நிறத்தைப் படிக்க முடியாது, அங்கே மீட்டர். பிக்கிளிலும் மீட்டர்தான். உப்பு அவ்வளவு அடர்த்தியாக இருக்கும்போது பேப்பரின் சாயம் சரியான நிறம் காட்டாது. அரைப் புள்ளி தவறினால் அமிலத்தில் மூன்று மடங்கு தவறு என்பதை மறக்காதே. பேப்பர் வாங்கினால் சாயம் தண்ணீரில் கரைந்து ஓடாத பட்டை வகையாக வாங்கு. ஷார்ஜாவில் கடல் காற்று ஈரம், அமில டிரம் வைத்த அறையில் ஆவி வேறு. டப்பாவை மூடி அந்த அறைக்கு வெளியே வை. பாமே மீட்டரை மறந்துவிடாதே, அது பி.எச்.சுக்குக் கூடப் பிறந்தது. பிக்கிளில் அமிலம் விடுவதற்கு முன் உப்பு 6-லிருந்து 8 பாமே இல்லையென்றால், பி.எச். எவ்வளவு அழகாக வந்தாலும் தோல் ஊதிப்போகும்.

இங்கத்திய வெயிலைப் பற்றி உனக்கு யாரும் புத்தகத்தில் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். இப்போது ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை பகல் 12:30-லிருந்து 3 மணி வரை வெயிலில் யாரும் வேலை செய்யக் கூடாது என்று சட்டம். ஷெட்டுக்குள் தண்ணீர்த் தொட்டியே நாற்பது டிகிரி இருக்கும். நிறைந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 25 டிகிரியில் ஏறக்குறைய 12.45, அதுவே 40 டிகிரியில் 12 அளவுக்கு இறங்கிவிடும். சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு குறைவாகத்தான் கரையும். எண் குறைந்துவிட்டதே என்று இன்னும் சுண்ணாம்பு கொட்டாதே, அது அப்படித்தான் இருக்கும். மீட்டரில் ஏ.டி.சி. என்று போட்டிருப்பார்கள், வெப்பத்தைச் சரி செய்துகொள்ளும் என்று. அது சரி செய்வது எலக்ட்ரோடின் மில்லிவோல்ட் கணக்கை மட்டும், ஒரு புள்ளிக்கு 25 டிகிரியில் 59, 40 டிகிரியில் 62 என்று. கரைசலே சூட்டில் மாறுவதை அது திருத்தாது. மீட்டரைக் கேலிபரேட் செய்யும் பஃபருக்கும் இதே கதை. 10.01 என்று எழுதிய புட்டி நாற்பது டிகிரியில் 9.89 அளவுக்கு வந்துவிடும், லேபிளில் அட்டவணை இருக்கும், அதைப் பார்த்துப் போடு. அதைவிட நல்லது, மாதிரியை ஒரு பீக்கரில் எடுத்துக்கொண்டு வந்து, பஃபரும் மாதிரியும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அளப்பது. மீட்டரைத் தூக்கிக்கொண்டு டிரம்முக்குப் போகாதே. பஃபரையோ எலக்ட்ரோடையோ காரில் விட்டுவிட்டுச் சாப்பிடவும் போகாதே. ஜூலையில் மூடிய கார் அடுப்பு மாதிரி.

தண்ணீரும் வேறு. உனக்குக் குழாயில் வருவது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். அதில் உப்பு மிகக் குறைவு, மீட்டர் எண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். மீட்டர் கெட்டுப்போச்சு என்று பயந்துவிடாதே, கொஞ்சம் பொறு. கிணற்றுத் தண்ணீர் வாங்கி ஊற்றினால் நேர் எதிர். அதில் உப்பும் பைகார்பனேட்டும் நிறைய, அமிலத்தை அதுவே குடித்துவிடும். ஆம்பூரில் நீ குறித்து வைத்திருக்கும் சதவீதக் கணக்கில் ஃபார்மிக்கும் சல்ஃபூரிக்கும் விட்டால் அதே பி.எச். இங்கே வராது. உன் நோட்டில் இருக்கும் ரெசிப்பியை நீ தூக்கிப் போட வேண்டியதில்லை, ஆனால் எடையை நம்பாமல் பி.எச்.சை நம்பி அமிலம் விடப் பழகிக்கொள். அபுதாபிக்கும் அல் ஐனுக்கும் நடுவில் அல் கஸ்னாவில் ஒட்டகத் தோலுக்கென்றே டேனரி நடத்துகிறார்கள். இந்த நாட்டில் தோல் பதனிட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. பெதுயின்களே அர்த்தா என்ற பாலைவனப் புதரிலும் கருவேலங்காயிலும் ஆட்டுத் தோலைப் பதனிட்டுத் தண்ணீர்ப் பை செய்தவர்கள்தான். நம் ஊர்க் கருவேலம், அதே மரம்.

வாங்கியதைக் காப்பாற்றுவது அடுத்தது. எலக்ட்ரோடை வெறும் தண்ணீரிலோ டிஸ்டில்டு தண்ணீரிலோ ஊறப் போடாதே. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு, லிட்டருக்கு 224 கிராம். மூடிக்குள் அது எப்போதும் இருக்க வேண்டும், ஏ.சி. ஓடும் அறையில் சீக்கிரம் காய்ந்துவிடும், காலையில் வந்ததும் முதலில் அதைப் பார். குமிழைத் துணியால் தேய்க்காதே, டிஷ்யூவில் ஒற்றி எடு. புரதம் படிந்தால் பெப்சின் போட்ட நீர்த்த ஹைட்ரோகுளோரிக் கரைசல், சல்பைடால் கறுத்தால் தயோயூரியா கரைசல். தினமும் காலையில் 4-லும் 7-லும் கேலிபரேட் செய். சுண்ணாம்பு எடுக்கும் நாளில் 7-லும் 10-லும். ஒரு முறை ஊற்றிய பஃபரைத் திரும்பப் புட்டியில் ஊற்றினால் கையை ஒடித்துவிடுவேன். 10 பஃபர் காற்றில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், சின்ன சாஷேயாகவே வாங்கு.

இனி எழுதப் போவதை இரண்டு முறை படி. சல்பைடு இருக்கும் கழிவுத் தண்ணீரும் பிக்கிள் தண்ணீரும் ஒரே சாக்கடையில் சேரவே கூடாது. பி.எச். 9-க்குக் கீழே இறங்க ஆரம்பித்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், 7-ல் பாதிக்குப் பாதி அந்த வடிவத்துக்கு வந்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்காதே. அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதியாகும் நேரத்தில்தான் ஆள் விழுவான். நம் ஊர்ப் பக்கம் தொட்டிக்குள் இறங்கியவனைத் தூக்கப் போனவனும் சேர்ந்து போனதை நீயே கேள்விப்பட்டிருக்கிறாய். சல்பைடு தொட்டி கழுவும் நாளில் பேப்பரோ மீட்டரோ இல்லாமல் அமிலப் பைப்பைத் திறக்க விடாதே. அந்த ஒரு விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் கத்து. வேலை போனால் போகட்டும், சித்தப்பா வீடு இருக்கிறது. கேஸ் டிடெக்டர் ஒன்றைப் பட்டியலில் கடைசியில் எழுதியிருக்கிறாய். அதை முதல் வரியில் எழுது, அதை வெட்டினால் நான் வரமாட்டேன் என்று சொல்.

அங்கே வேலை செய்பவர்கள் நேபாளி, பங்களாதேஷி, பாகிஸ்தானி, நம் ஆட்கள் என்று கலந்து இருப்பார்கள். ஆம்பூரில் பிறந்ததால் உனக்கு உருது கொஞ்சம் வரும், அது பெரிய பலம். மாதிரியை ஆள் விட்டு எடுத்து வரச் சொல்லாதே. நீயே பூட்ஸ் போட்டுப் போ, நீயே வெட்டு, சொட்டு விட்ட துண்டை டிரம்காரரிடம் காட்டு. இது ஏன் இன்னும் பச்சையாக இருக்கிறது என்று அவர் உன்னைக் கேட்கும் நாள் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. நோட்டில் மீட்டர் எண், சூடு, வெட்டுவாயின் நிறம் மூன்றையும் எழுது. எண்ணை மட்டும் எழுதி வைக்கிற பழக்கம் வேண்டாம்.

முடிந்த தோலுக்கு ஐ.எஸ்.ஓ. 4045 கேட்பார்கள். ஐந்து கிராம் தோல், நூறு மில்லி தண்ணீர், இரவு முழுக்கக் குலுக்கிவிட்டு அளப்பது, நீ லேபில் செய்திருக்கிறாய். பி.எச். நாலுக்குக் கீழே வந்தால் பத்து மடங்கு நீர்த்து மறுபடி அள. வித்தியாசம் 0.7-ஐத் தாண்டினால் தோலில் வலுவான அமிலம் தங்கியிருக்கிறது, நாளாக ஆகத் தோல் உளுத்துவிடும். அதற்குப் பயந்து நியூட்ரலில் சோடாவைக் கொட்டி ஏற்றிவிடாதே. பி.எச். ரொம்ப ஏறினால் தோலில் இருக்கும் குரோமியம், குரோமியம்-6 ஆக மாறும் வாய்ப்பு கூடும். உடம்பில் படுகிற தோல் சாமானில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பாவில் 2015-லிருந்து சட்டம். நீங்கள் செய்யப்போவது வாட்ச் பட்டையும் கைப்பையும், வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஐரோப்பாக்காரர்கள். தோல் ஷாப் கழிவால் பாலாறு என்ன ஆனது என்று பார்த்து வளர்ந்தவள் நீ. அந்தக் கழிவு பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அண்ணன் வேலை பார்த்த ஷாப் மூடியிருந்த மாதங்களை அண்ணியிடம் கேட்டுப் பார். அளக்காமல் விட்டதன் கடனை ஊரே கட்டியது, இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது.

மீட்டரும் இரண்டு எலக்ட்ரோடும் சென்னையில் பாரிமுனைப் பக்கம் விசாரித்துவிட்டு விலையை எனக்கு அனுப்பு, இங்கே துபாய் விலையோடு ஒத்துப் பார்த்துச் சொல்கிறேன். வாரண்டி இங்கே செல்லுமா என்று கேட்காமல் பணம் கொடுக்காதே. பினாப்தலீன், பி.சி.ஜி., பஃபர் எதையும் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுவர வேண்டாம், பொடியைப் பார்த்தால் ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்கள். அதெல்லாம் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அண்ணி கொடுத்தனுப்பும் கருவாட்டை மட்டும் நன்றாகக் கட்டிக் கொண்டு வா.

நீ வந்து இறங்கும் வெள்ளிக்கிழமை நான் காரில் வந்துவிடுவேன். முதல் இரண்டு நாள் எங்கள் வீட்டில் இருந்துவிட்டுப் போனால் போதும், சித்தி இப்போதே உனக்கு அறை ஒழித்து வைத்துவிட்டாள். அண்ணனிடம் சொல், ஷார்ஜா இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரம்தான், ஒரு போன் போட்டால் நான் அங்கே இருப்பேன். அவருக்கு அது போதும்.

அன்புடன்,
சித்தப்பா

பி.கு.: முதலாளி செலவைக் குறைக்கச் சொன்னால் மீட்டரை மலிவாக வாங்கச் சம்மதி. இரண்டாவது எலக்ட்ரோடை வெட்டச் சொன்னால் சம்மதிக்காதே. பக்ரீத் சமயத்தில் தோல் ஒரே நாளில் மலைபோல் வந்து இறங்கும், இருக்கிற ஒரு குமிழ் உடைவது அன்றைக்குத்தான்.